மணி அடிக்கவில்லை என்றொரு புகார்

குறை உள்ளவர்கள் மட்டுமே தேடி வருகிற வேலை என்னுடையது. அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போனில் தமிழ் எழுத ஒரு இலவச கீபோர்டு. சம்பளம் இல்லாமல் பலர் சேர்ந்து செய்வது. பெங்களூரிலிருக்கும் என் மகன் ஜெரோமும் அதில் ஒருவன். "சும்மாதானே இருக்கே, வர்ற புகாரைப் பிரிச்சுக் குடும்மா" என்று என்னையும் சேர்த்துவிட்டான். பத்தாவது படித்தவள் நான். வீட்டுக்காரர் மைன்ஸ் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் குவார்ட்டர்ஸில் நானும் ஜெபமாலையும் அந்தப் புகார்களும்தான்.

வேலை செய்யல

வடலூர்க்காரர் ஒருவர் இந்த இரண்டே சொல் எழுதியிருந்தார். எந்த போன், எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்று பணிவாகக் கேட்டேன். அதே தப்பு எங்கள் போனிலும் வந்தால்தானே சரிசெய்ய முடியும்? பதில் வந்தது: "அதெல்லாம் தெரிஞ்சா நானே சரி பண்ணிக்க மாட்டேனாங்க?"

ஒரே புகார்

கேள்விக்குறியை அழுத்தினால் கீபோர்டு மறைந்துபோகிறது என்று பலர் எழுதினார்கள். எல்லாம் ஒரே குறை என்பதால், வழக்கப்படி முதல் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை முடிந்ததாகக் குறித்து மூடினேன். பழைய போன் வைத்திருந்த ஒரு அம்மாவுக்குக் கோபம். "முதல்ல சொன்னவருக்கு மட்டும்தான் கஷ்டமா?" என்று தினமும் வந்து திட்டினார். பேர் தெரியாததால் 'அந்தப் பழைய போன்காரங்க' என்று சொல்லி அவருக்காக ஜெபித்தேன். சரியானதும் எல்லோருக்கும் எழுதினேன். அவர் மட்டும் பதில் போட்டார்: "சந்தோஷங்க, இனிமே உங்ககிட்ட வரவே வேண்டாம்!"

மணி அடிக்கவில்லை

ஜெரோம் ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுவான். அது நின்றுபோயிற்று. நான் கூப்பிட்டால் "மீட்டிங்மா" என்பான். புகாரில் ஏதாவது கேட்டால் மட்டும் உடனே பதில். ஒருநாள் எல்லோரும் புகார் எழுதுகிற அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. போன் நன்றாக இருக்கிறது. சில வாரமாக இப்படி."

என்னோடு புகார் பிரிக்கிற நெல்லிக்குப்பத்துத் தம்பி, "எந்த போன்னு எழுதலையேக்கா, நீங்களே இப்படியா?" என்று கேட்டார். அதற்குக் கீழே ஜெரோம் எழுதினான்: "இது எனக்கு வந்ததுங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஞாயிறு மணி அடித்தது. "ஏம்மா, அங்க போயா எழுதுவே? எல்லாரும் பாக்குறாங்க!" என்றான். "அங்கதானேப்பா நீ பதில் சொல்றே" என்றேன். அவன் சொன்னான்: "சரி, அதான் கூப்பிட்டுட்டேனேம்மா, அதை மூடிடு."

சரியாகிவிட்டது என்று மூடின புகார்தான் முதலில் திரும்பி வரும் என்று இந்த வேலை சொல்லிக்கொடுத்திருப்பதால், அதை மட்டும் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.