இடது பக்க நாலாவது கை

என் தங்கை பத்தொன்பது வருஷமாகக் கணவாய் மீன் மட்டும்தான் வரைகிறாள். அவள் மகன் ஒருநாள் யானை வரையச் சொன்னதற்கு, "அதுக்கு எத்தனை கைடா?" என்று கேட்ட புண்ணியவதி. நாங்கள் இருவரும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறோம். அவள் மாடியில், ஜன்னலோர மேஜையில். நான் கீழே, செத்த உயிரினங்கள் கெடாமல் ஊறும் ஜாடிகளுக்கு ஸ்பிரிட் மாற்றுகிறவள்.

வலையில் வரும் கணவாய் முழுசாக வராது. கை கிழிந்திருக்கும், நுனி நைந்திருக்கும். நல்ல பக்கத்தைப் பார்த்து நைந்த பக்கத்தையும் வரைந்துவிடுவது ஓவியர்களின் வழக்கம். அதில் இவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அருங்காட்சியகத் தலைவரான பெரிய சார் ஆயுசு முழுக்க எழுதிய புத்தகம், கணவாய்களின் வம்ச வரலாறு, அச்சுக்குப் போக நான்கு நாள் இருந்தது. படம் அத்தனையும் இவளுடையது. அன்று மதியம் கீழே ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நான் கெட்டேன். இந்த மூணு ஜாடியையும் பாரு."

மூன்றும் வேறு வேறு வருஷத்தில் பிடித்தவை. மூன்றிலும் இடது பக்க நாலாவது கையின் நுனியில், இரையை ஒட்டிப் பிடிக்கும் உறிஞ்சிகளைக் காணோம். மெல்லிய இழைகள்தான் இருந்தன.

"அது அப்படித்தான் இருக்கும். அதுக்கென்ன இப்போ?"

"மூணு வலையும் சொல்லி வெச்ச மாதிரி அதே கையவா கிழிக்கும்? இது கிழிசல் இல்லக்கா. ஆண் கணவாய் அந்தக் கையாலதான் விந்துப் பொதிய எடுத்துப் பொண்ணுகிட்ட சேர்க்கும். பெரிய இனங்கள்ல பளிச்சுனு தெரியும், வரைஞ்சிருக்கேன். இந்தச் சின்ன இனங்கள்ல நைஞ்சு போச்சுனு நெனச்சு, வலது கையப் பார்த்து உறிஞ்சி போட்டுட்டேன். நாப்பத்தொரு படத்துல!"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் படங்களை நம்பிப் பெரிய சார் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். இந்த இனங்களின் மூதாதைக்கு அந்தக் கை இருந்தது, போகப்போக மறைந்துபோனது, இவை வேறு வழியில் இனம் பெருக்குகின்றன என்று. பாவம், அவருக்குக் கண் மங்கி ஆறு வருஷம் ஆயிற்று. ஜாடியைவிடப் படம்தான் தெளிவாகத் தெரியும். என் தங்கையின் பென்சில் ஒரு வம்சத்துக்கே கையில்லாமல் செய்துவிட்டது.

"வாயைத் திறக்காதே," என்றேன். "கணவாயோட கைய எவன் எண்ணிப் பார்க்கப் போறான்? வேலை போயிடும்டி. புள்ளைய எப்படிப் படிக்க வெப்பே?"

"போனாப் போகட்டும். பொய்ய அச்சடிக்க விடமாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. ஆனாலும் பெரிய சாரிடம் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. இரண்டு ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பெரிய சார் லென்ஸை வைத்துக்கொண்டு மூன்றையும் வெகுநேரம் பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவர் அத்தியாயமும் பிழைக்கும், இவள் வேலையும் பிழைக்கும். ஆனால் இவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அவ சொல்றது சரிதான் சார். எல்லாம் என் கை வழியாத்தானே போச்சு. ஸ்பிரிட் மாத்தும்போது பொட்டைங்க வயித்துலேர்ந்து முட்டை உதிரும், வடிகட்டி எடுப்பேன். இந்த மாதிரிக் கை இருக்கிற ஒண்ணுலகூட முட்டை வந்ததில்ல. நுனிகூட இனத்துக்கு இனம் வேற. ஒண்ணுக்குச் சீப்பு மாதிரி, ஒண்ணுக்குப் பிரஷ் மாதிரி, ஒண்ணுக்கு ரம்பப் பல்லு."

அவர் அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். கையெழுத்துப் பிரதியின் கட்டைப் பிரித்து அந்த அத்தியாயத்தை உருவி எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"திரும்ப வரைய எத்தனை நாள் ஆகும்மா?"

"எட்டு மாசம் சார்."

"வரை."

தங்கை அழுதுவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சு இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"ஜாடி கழுவுறவகிட்ட யாரு சார் கேட்டாங்க?"

எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. இப்பக் கேக்கறேன்."