வேப்பிலைத் தோரணம் கட்டிய வளைகாப்பு

காலை ஒன்பதரை மணி. குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். மகேஸ்வரி டீச்சர் வீட்டு வாசலில் நான் போட்ட பந்தலில் அறுபது நாற்காலிகள் கிடந்தன. உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். பத்தரைக்கு நல்ல நேரம். தெருப் பெண்களில் ஒருவர்கூட வளைகாப்புக்கு வந்து சேரவில்லை.

பெரம்பலூரில் இருபத்தைந்து வருடமாக மேடை அலங்காரம் செய்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெர்மாகோல் வெட்டுவது எப்படி, லைட் செட்டிங் எப்படி என்று என்னிடம் கேட்பார்கள். அதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். நான் முட்டாளான கதை யூடியூபில் கிடைக்காது. அதனால் எழுதுகிறேன்.

ஆர்டர்

இரண்டு வாரத்துக்கு முன்னால் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் கடைக்கு வந்தார்கள். அவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். பேசியதெல்லாம் டீச்சர்தான்.

"அண்ணே, பிளாஸ்டிக் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் வேணாம், தெர்மாகோல் வேணாம். சாப்பாடும் சைவம்தான். எம்புள்ள பேரச் சொல்லி ஒரு ஆடு கோழி சாகக் கூடாது."

ஃப்ளெக்ஸையும் தெர்மாகோலையும் வைத்தே பிழைத்தவன் நான். என் கடை போர்டே ஃப்ளெக்ஸ்தான். இருந்தாலும், "பண்ணிடலாம் டீச்சர், நமக்கு இதெல்லாம் சாதாரணம்" என்றேன். அன்று மத்தியானம்தான் 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்றால் என்ன என்று போனில் தேடிப் படித்தேன்.

வீட்டுக்காரர் பைக்கை எடுக்கப் போன நேரத்தில் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கல்யாணமாகி ஒன்பது வருடம். தெருவில் எத்தனையோ வளைகாப்புக்குப் போயிருக்கிறார். கூப்பிடுவார்கள், சாப்பாடு போடுவார்கள். வளையல் போடும்போது மட்டும், "நீ அப்பறமா போடலாம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளை இல்லாதவள் கையால் வளையல் ஆகாது என்று கணக்கு. அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை.

"இந்தத் தடவ அவங்கல்லாம் எங்க வூட்டுக்கு வரணும்ணே. ஒருத்தர் பாக்கியில்லாம வரணும்."

ஆள் கூட்டுவதும் என் கான்ட்ராக்டில் சேர்ந்தது மாதிரி தலையை ஆட்டினேன்.

தீம்

அதற்கப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃப்ளெக்ஸுக்குப் பதில் காடாத் துணி, அதுவும் மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தது. கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்குப் பதில் மண்பானையில் நீர்மோரும் பானகமும். வாசலில் குலை குலையாக இளநீர். பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று டீச்சர் சொன்னதால் எவர்சில்வர் டம்ளர். நாற்காலி மட்டும் பிளாஸ்டிக். அதை டீச்சர் பார்க்காத மாதிரி இருந்தார், நானும் சொல்லாத மாதிரி இருந்தேன்.

கடைசியில் தோரணம் இடித்தது. மாவிலை கொண்டுவருகிறேன் என்ற பூ வியாபாரி முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒரு பை கொண்டுவந்தார். வானம் பார்த்த பூமியில் மாந்தோப்புக்கு எங்கே போவது? ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் வேப்பமரம். வளைகாப்பில் முதல் காப்பே வேப்பங்குச்சியை வளைத்துப் போடுவதுதானே. அப்படியானால் தோரணமும் வேப்பிலையில் இருந்தால் தீம் பிரமாதமாகச் சேரும் என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்த மூளையை நான் ரொம்ப மெச்சினேன்.

என்னிடம் ஆரம்பத்திலிருந்து பூக்கட்டுகிறவர் செல்வி அக்கா. கொத்தைக் கையில் கொடுத்ததும், "வேப்பிலையா சார்? வாசல்லயா?" என்றார்.

"இது ஈகோ ஃப்ரெண்ட்லி அக்கா. உங்களுக்குப் புரியாது" என்றேன்.

அவர் கொத்தை வாங்கிக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது வேலை முடிந்துவிட்டது. நிலைப்படியின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து, பின்னால் மஞ்சள் துணி, பக்கத்தில் பானைகள், இளநீர். நாலு கோணத்தில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். டீச்சர் அதற்கு முன்பே உள்ளறையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்துவிட்டார், வாசலைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் விடியுமுன்பே விருந்துச் சாப்பாடு எடுத்துவரக் கிளம்பியிருந்தார்.

அம்மை

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தா.பழூரிலிருந்து டீச்சரின் அம்மா வேனில் வந்து இறங்கினார். கூட ஏழு தூக்கில் ஏழு வகைச் சாதம். வாசலைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்கைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பொண்ணுக்கு அம்மை வாத்திருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை என்று அர்த்தம். வெளியாள் படியேற மாட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் அந்தத் தெருவுக்கே வர மாட்டார்கள். அந்த வீட்டில் கறி சமைக்க மாட்டார்கள், நீர்மோரும் இளநீரும்தான் கொடுப்பார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நானே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். மாரியம்மனே வந்திருந்தாலும் தன் கோயில் என்று உள்ளே போயிருப்பாள். போதாததற்கு டீச்சர் பத்து நாளாக லீவில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். விருந்து சைவம் என்பது தெருவுக்கே தெரியும்.

அது சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயம். வளைகாப்புக்காக ஒரு நாள் கூலியை விட்டிருந்த பெண்கள், சரி, காட்டுக்காவது போவோம் என்று தூக்குவாளியோடு கிளம்பியிருந்தார்கள். தெருமுனையில் அவர்களை ஏற்றிக்கொள்ள மினி ஆட்டோ நின்றது.

பாய்ந்துபோய் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தேன். அதைப் பார்த்தவர்கள், மறைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்து நான் செய்ததுதான் உச்சம். மைக்கை எடுத்தேன்.

"அன்பார்ந்த தாய்மார்களே, இந்த வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. எல்லாரும் பயப்படாமல் வரலாம்."

தெருவில் திறந்திருந்த இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன. ஒன்றும் தெரியாமலிருந்த பக்கத்துத் தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அந்தச் சத்தத்தில் டீச்சர் வெளியே வந்தார். ஏழு மாத வயிறு, பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. தெருவில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், கீழே கிடந்த வேப்பிலையைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

"யாருண்ணே இதக் கட்டுனது?"

"நான்தான் டீச்சர். அக்கா கேட்டாங்க, நான்தான் காதுல வாங்கல."

இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகப் பழியை ஆட்கள் மேல் போடாமல் பேசினேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். "வாங்க எங்கூட" என்றார். மணையில் உட்கார வேண்டிய பெண் தெருவில் இறங்கி ஆள் கூப்பிடுவதா என்று அம்மா தடுத்தார்.

"அவங்க வரணும்னு ஒம்போது வருசம் காத்திருந்தேம்மா. நாலு வூடு நடக்க மாட்டனா?"

நேராக மினி ஆட்டோவுக்குப் போனார். தலைப்பை ஒதுக்கி இரண்டு கையையும் நீட்டி, ஒரு கொப்புளம் இருக்கிறதா பாருங்கள் என்றார். பிறகு என்னைக் கைகாட்டினார். வேப்பிலை கட்டியது டவுனிலிருந்து வந்த இவர்தான் என்றார். நான் கையைக் கூப்பி, தப்பு என்னுடையதுதான் என்றேன். ஆட்டோவுக்குள்ளிருந்து ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, உன் வூட்டுல பொம்பளைங்களே இல்லியா?"

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். என்னைப் பார்த்து ஊர் சிரித்ததில் நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அப்புறம் வீடு வீடாகப் போனோம். மூன்றாவது வீட்டிலேயே என் வசனம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வளையல்

பதினொன்றரைக்கு நாற்காலிகள் நிறைந்தன. நல்ல நேரம் தாண்டிவிட்டதை யாரும் பேசவில்லை. டீச்சரின் அம்மா முதல் காப்பைப் போட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். டீச்சரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

எல்லாரும் முடித்த பிறகு டீச்சர் பந்தலின் பின்பக்கம் பார்த்தார். அங்கே செல்வி அக்கா மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க வாங்க."

"எனக்கு வேணாம் டீச்சர். எனக்குப் புள்ள இல்ல."

டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல்தான் சொன்னார். முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எனக்கும் இல்லாமத்தான்க்கா இருந்துச்சு. நீங்க போடாம நான் எந்திரிக்க மாட்டேன்."

நானும் அக்காவும் எத்தனை வளைகாப்புக்கு வேலை செய்திருப்போம்? வளையல் போடுகிற நேரத்தில் அவர் எப்போதும் பூக்கூடையோடு பின்னால்தான் இருப்பார். வேலையில் அவ்வளவு கருத்து என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லி நாலு பேர் முன்னால் பாராட்டியும் இருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் என்னைக் கேள்வி கேட்ட அம்மாவே சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அக்கா சந்தனம் பூசி, இரண்டு பச்சை வளையல் போட்டார். நான் திரும்பி நின்று பந்தல் கயிற்றைச் சரிபார்த்தேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது பிளாஸ்டிக் இல்லாத விசேஷம் என்றாலே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்களிடம் வேலை செய்கிறவர் "இதுவா சார்?" என்று கேட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள்.

அன்று திரும்பும்போது வண்டியில், வேப்பிலை விஷயத்தை முழுசாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்காவிடம் கேட்டேன். "சொன்னா கேப்பீங்களா சார்?" என்றார். பிறகு, எந்த ஊர்க்காரர், வீட்டில் யார் யார் என்று முதல் தடவையாகக் கேட்டேன். குன்னத்தில் சொல்ல ஆரம்பித்தவர் பெரம்பலூர் வந்தும் முடிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன்.