அந்தத் தாளில் பருப்பு இல்லை

என் மகளைப் பட்டினி போட்டவன் நான். அந்தப் பழியை இன்றுவரை சுமப்பவள் என் மனைவி.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் எழுந்து போனாலும் தடுக்க மாட்டேன். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. டெல்லியில் ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மனைவி செண்பகம் தென்காசிப் பக்கத்துக்காரி, எட்டாவது வரை தமிழில் படித்தவள். காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு ஹிந்தி வரும், படிக்க வராது. ஆங்கிலம் அறவே தெரியாது. மகள் ஹேமா நேர் எதிர். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

தமிழ், ஆங்கிலம் இரண்டையும் படிக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். என் குற்றம் முழுவதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

ஹேமாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எழுபத்தெட்டு கிலோ. ஒரு நல்ல வரன் பேச்சில் இருந்தது. தமிழ்ச் சங்க விழா ஒன்றில் பையனின் பெரியப்பா என் தோளில் கை போட்டு, "பொண்ணு கொஞ்சம் தாட்டியா இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை என் காது எரிந்துகொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்துப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

ஓர் உணவு ஆலோசகரிடம் மகளை அழைத்துப் போனேன். பஞ்சாபிப் பெண்மணி, பொறுமைசாலி. எடை பார்த்து, இரத்தம் சோதித்து, பட்டியலை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் மட்டும் போனேன். அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சாதமோ ரொட்டியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, பனீர், முளைகட்டிய பயறு. சைவம் என்பதால் பட்டியலிலிருந்து முட்டையை நீக்கிவிட்டுத் தயிரைக் கூட்டினார். எண்ணெய் நாளைக்கு மூன்று டீஸ்பூன், ஒரு பிடி வேர்க்கடலை. உடம்பிலிருந்து கொழுப்புதான் போக வேண்டும், சதை போகக் கூடாது, அதற்குப் புரதம் வேண்டும் என்றார். கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறேனே தவிர நிறுத்தச் சொல்லவில்லை என்று இரண்டு முறை சொன்னார். மாதம் இரண்டு கிலோ இறங்கினால் போதுமாம்.

மாதம் இரண்டு கிலோ! ஐந்து மாதத்துக்குப் பத்து... அந்தப் பெரியப்பாவின் கண்ணுக்கு அது தெரியவா போகிறது?

பஸ்ஸில் அந்த ஆங்கிலப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பருப்பு, பனீர், கடலை, எண்ணெய்... இளைக்க வந்தவளுக்கு இவ்வளவு விருந்தா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆபீசில் எத்தனையோ பேர் எழுதிய குறிப்புகளை வெட்டிச் சுருக்கி மேலே அனுப்பியவன் நான். இதையும் வெட்டினேன்.

அன்று மாலை செண்பகத்துக்காக அதைத் தமிழில் எழுதினேன். காலையில் பால் இல்லாத டீ, இரண்டு துண்டு பப்பாளி. மதியம் ஒரு சப்பாத்தி, வேகவைத்த காய். இரவில் முட்டைக்கோஸ் சூப், வெள்ளரிக்காய். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'எண்ணெய், நெய், தேங்காய், கடலை, பருப்பு, தயிர் அடியோடு கூடாது.' அதற்கும் கீழே, 'டாக்டரம்மா சொன்னபடி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செண்பகம் அதைச் சமையலறைச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய் வாங்குவதை நிறுத்தினாள். எனக்கு அப்பளம் பொரிக்கும்போது வாசனை போகாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆமாம், எனக்கு அப்பளம் உண்டு! நெய்யும் உண்டு. ஹேமாவுக்குத் தாளைப் படித்துக் காட்டுவாள், அவளும் தலையாட்டிவிட்டு வெள்ளரிக்காயைக் கடிப்பாள். எண்ணெயில்லாத காய் தொண்டையில் இறங்காமல், தண்ணீர் குடித்து விழுங்குவாள்.

இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் செண்பகம் என் முன்னால் வந்து நின்றாள். கையில் சீப்பு. அதில் ஹேமாவின் முடி ஒரு கொத்து.

"பிள்ளைக்கு முடி இப்படிக் கொட்டுதுங்க. மாடிப்படி ஏறுனா தல சுத்துதுன்னு சொல்லுதா. ஒரு கரண்டி பருப்பாவது போடட்டுமா?"

"படிச்ச டாக்டர் எழுதியிருக்கா. ஒனக்கு அவளைவிடத் தெரியுமோ?" என்றேன்.

அவள் சுவரிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. எடை எந்திரத்தின் முள் இறங்கிக்கொண்டிருந்தது... அது மட்டுமே என் கண்ணில் பட்டது.

பெண் பார்க்க வர ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு காலை நேரம், ஹேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பித்தப்பையில் கற்கள். ஒன்று நழுவிக் குழாயை அடைத்துக் கணையத்தைப் புண்ணாக்கியிருந்தது. மாதக்கணக்கில் எண்ணெய்ப் பசையே உள்ளே போகாமல் எடை மளமளவென்று இறங்கினால் பித்தம் தேங்கிக் கல்லாகும் என்று டாக்டர் விளக்கினார். உடம்பில் சதையும் கரைந்து போயிருக்கிறது, இந்தப் பெண் என்னதான் சாப்பிட்டாள் என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

கேள்வி எதைப் பற்றியது என்பது செண்பகத்துக்கு எப்படியோ புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். கிளம்பும் பதற்றத்திலும் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்! தான் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று காட்ட அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் கொடுத்தார். படித்துச் சொல்லச் சொன்னார்.

இதோ, அந்த நிமிடம்... ஒருபக்கம் டாக்டர், ஒருபக்கம் செண்பகம், கட்டிலில் கண் திறந்தபடி ஹேமா. என் கையெழுத்துப் போட்ட தாள் என் கையில்.

ஆங்கிலத்தில் படித்தேன். தாளைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைப் படித்தேன். இரண்டு வேளை பருப்பு. பனீர். தயிர். மூன்று டீஸ்பூன் எண்ணெய். ஒரு பிடி வேர்க்கடலை. பஞ்சாபிப் பெண்மணியின் பட்டியல் ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடமாக இருந்தது. குரல்கூட நடுங்கவில்லை.

டாக்டர் செண்பகத்தின் பக்கம் திரும்பி ஹிந்தியில் கடிந்துகொண்டார், பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் எதற்காக நிறுத்தினாய் என்று. எழுதியிருந்ததைத்தான் கொடுத்தேன் என்று தன் காய்கறிக்கடை ஹிந்தியில் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஹேமாவுக்கு ஆங்கிலம் புரியுமே! தினமும் அந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்டியவள் அம்மா. அதில் பருப்பு இருந்ததாக இப்போது சொல்பவர் அப்பா. அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று தெரியாமல் செண்பகம் அவள் காலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் அந்தத் தாளைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன்.

ஹேமா பிழைத்தாள். பித்தப்பையை எடுத்தார்கள். கணையம் பழையபடி ஆகவில்லை. இருபத்து மூன்று வயதில் ஆரம்பித்த இன்சுலின் ஊசி, ஆயுளுக்கும். வரன் தானாக விலகிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டாள். கல்யாணத்துக்காகப் பருப்பு வரியைப் படிக்காமல் மறைத்தாயா என்று நேராகவே கேட்டாள். செண்பகம் சாமி மேல் சத்தியம் செய்தாள். ஹேமா நம்பவில்லை. ஆங்கிலப் பட்டியல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதில் பருப்பு இருந்தது.

அன்று சாயங்காலம் செண்பகம் என்னிடம் வந்தாள். சண்டை போட வரவில்லை. அப்படி வந்திருந்தால் ஒருவேளை உண்மை என் வாயிலிருந்து விழுந்திருக்கும்...

"ஏங்க, நீங்க பருப்புன்னு எழுதியிருந்தியளா?"

"எழுதியிருந்தேன்."

அவள் நம்பினாள்! நான்கு மாதத்துக்கு மேல் தினமும் பார்த்த தன் கண்ணைவிட என் ஒரு சொல்லை நம்பினாள். அதன்பிறகு ஊரிலிருந்து யார் வந்து விசாரித்தாலும், "என் கண்ணு மறைச்சிட்டு, ரெண்டு வரியை விட்டுட்டேன்" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

நான் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. இப்போது மயூர் விஹாரில் இருக்கிறோம். ஹேமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குர்கானில் வேலை, தனி வீடு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள், தன் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவருவாள். அம்மா சமைத்ததைத் தொடுவதில்லை. என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். மருந்து வாங்கித் தருகிறாள், என் செருப்பு தேய்ந்தால்கூடக் கவனிக்கிறாள். அந்தப் பிரியத்தை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூசுகிறது. ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செண்பகம் ஒரு கிண்ணத்தில் பருப்பும், மேலே ஒரு ஸ்பூன் நெய்யுமாக அவள் முன் வைத்தாள். வேண்டாம்மா என்று ஹேமா தள்ளினாள்.

"நானா வைக்கலட்டி. அப்பாதான் வைக்கச் சொன்னாவ" என்றாள் செண்பகம்.

நான் சொல்லவே இல்லை.

ஹேமா என்னைப் பார்த்தாள். செண்பகமும் என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சுவது போல.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்றேன்.

ஹேமா கிண்ணத்தை இழுத்துச் சாப்பிட்டாள். செண்பகம் சமையலறை வாசலில் நின்று, அவள் கடைசி வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, மகளுக்குக் கேட்காமல், எனக்கு நன்றி சொன்னாள்.