அம்மா வாங்கில் இருந்த ஆறு வருடங்கள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சி, "அண்ணா, அம்மாட நல்ல குணங்கள எழுதுங்க, அது போதும்" என்றாள். அம்மாவின் நல்ல குணத்தை எழுதப்போனால் என் கெட்ட குணமும் கூடவே வருகிறதே, நான் என்ன செய்ய?

அம்மா கொழும்பு முகத்துவாரத்தில் ஒரு மீனவக் குடும்பத்தின் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே காலமானார். பாடசாலைச் சீருடை தைத்தே அம்மா எங்கள் இருவரையும் ஆளாக்கினார். வாய் கொஞ்சம் காரம். திட்டிக்கொண்டே சோறு போடுவார். என்ன வேலை இருந்தாலும் காலைப் பூசையை விடமாட்டார். பூசையில் ஃபாதர் தரும் நற்கருணை அப்பம் வாங்காத நாள் ஒரு நாளா என்பார்.

அந்த அம்மா கடைசி ஆறு வருடங்களாக நற்கருணை வாங்கவில்லை. கோயிலில் பலர் அதைக் கவனித்தீர்கள். சிலர் என் காதுபடவே கதைத்தீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான்.

துறைமுகத்திலிருந்து சரக்கு விடுவிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். பக்கத்து ஒழுங்கை ஜெராட் என்னோடு ஒரே மேசையில் இருந்தவன். திறந்து பார்க்க வேண்டிய ஒரு சரக்குப் பெட்டியை நான் பார்க்கவேயில்லை. அவசரத்தில், பார்த்ததாகப் பத்திரத்தில் அவனுடைய கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். பிழை வெளியே வந்தது. விசாரணையில் அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. ஜெராட்டின் வேலை போயிற்று.

அன்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டார்.

"சாப்பிடு மகன். நாளைக்குப் போய் நான்தான் செஞ்சனெண்டு சொல்லு."

"சொன்னா என்ட வேலை போகும் அம்மா. பிள்ளைகள்ட படிப்பு என்னாகிற?"

"அவனுக்கும் பிள்ளைகள் இருக்கு" என்றபடி மீன்குழம்பையும் ஊற்றினார்.

நான் போகவில்லை. ஞாயிறு பூசையில் எல்லோரோடும் நற்கருணை வரிசைக்கு எழும்பினேன். அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "முதல்ல அவனட்டப் போ. பிறகு அங்க போகலாம்." வெட்கத்தில் திரும்பவும் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அம்மாவாவது போவார் என்று பார்த்தால், அவரும் என் பக்கத்தில் இருந்துவிட்டார். நான் வராத கிழமை நாட்களிலும் அவர் எழும்பவில்லை.

பங்குத்தந்தை ஒருநாள் கேட்டே விட்டார். "உங்கட்ட என்ன பாவம் அம்மா இருக்கு?"

"பாவமில்ல ஃபாதர். பிள்ளை தனிய இருக்கான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஊரே பாக்குது! உங்களுக்கு நான் முக்கியமா, ஜெராட் முக்கியமா? அவ்வளவு இருந்தா நீங்களே போய் அவனட்டச் சொல்லுங்களேன்!"

அம்மா திங்கட்கிழமை வேலைக்கு என் சேட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தார். "நான் சொன்னா அது காட்டிக்கொடுக்கிற. நீ சொன்னாத்தான் அது மன்னிப்பு. உன்ன வெறுக்க எனக்கு ஏலாது மகன். நீ செஞ்சத விரும்பவும் ஏலாது. ரெண்டையும் வெச்சுக்கொண்டு எங்க போவன்? உனக்குப் பக்கத்திலதான் இருப்பன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான். ஞாயிறுதோறும் ஜெராட் எங்களைத் தாண்டி அந்த வரிசையில் போவான்; அம்மாவைப் பார்த்துச் சிரிப்பான். நான் குனிந்துகொள்வேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்றே ஆறு வருடம் போய்விட்டது.

அம்மா படுக்கையில் விழுந்தார். ஃபாதர் வந்து எண்ணெய் பூசினார். நற்கருணையையும் கொண்டுவந்திருந்தார். அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "போனியா மகன்?" நான் நிலத்தைப் பார்த்தேன். "நாளைக்கு வாங்க ஃபாதர்" என்றார் அம்மா. "நாளைக்கு இவனும் எடுப்பான்."

மறுநாள் காலை ஃபாதர் வந்தபோது அம்மா இல்லை.

ஐயோ, அதை எப்படித் தாங்குவது? தாங்க முடியவில்லை. உண்மையை எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். என்ன முடிவு வரும் என்று தெரியாது.

நோயில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அயல்வீட்டாருக்கும், வந்து செபமாலை சொன்னவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், இறுதிவரை துணைநின்ற ஃபாதருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஜெராட்டும் ஒருவன். அவனுக்கு நன்றி என்று எழுத எனக்கு என்ன தகுதி?

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி சொன்னான்.

"என்ட வேலைய விடு மச்சான். அவ உயிரோட இருக்கேக்க ஒருக்கா, ஒரேயொருக்கா நீ இந்த வாசலுக்கு வந்திருந்தா, அன்ரி நற்கருணைக்கு எழும்பிப் போயிருப்பாவேடா."