சாவியைத் திருப்புவதற்கு முன்

சாவியக்கா தெருமுனையில் திரும்பும்போதே அவளுடைய கைப்பைச் சத்தம் நம் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் புறநகரில் காலியாகக் கிடக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தப் பைக்குள்தான் குடியிருந்தன. ஒவ்வொரு சாவியிலும் பழைய துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருக்கும். பச்சைக் கதவு வீட்டுக்குப் பச்சைத் துணி, இரட்டை மாடி வீட்டுக்கு இரண்டு முடிச்சு. விலாசம் எழுதி ஒட்டினால் என்ன என்று கேட்டால், "பை தொலைஞ்சா எடுத்தவன் விலாசம் பார்த்து நேரா குடிவந்துடுவான்" என்பாள்.

வீடு விற்பதும் வாடகைக்குப் பிடித்துத் தருவதும் அவள் தொழில். இங்கே ரயில் நிலையத்தைப் பெரிதாக்கிக் கட்டிய பிறகு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. காலையில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டினால் மாலைக்குள் அது விறகாகிவிடும். பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அட்வான்ஸை நீட்டியிருப்பார். அப்படிப்பட்ட சந்தையில் யாரும் வீட்டின் குறையைச் சொல்லி விற்பதில்லை. சாவியக்கா மட்டும் சொல்வாள்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வீடு பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்துவாள். சாவியைப் பூட்டில் நுழைப்பாள். திருப்பமாட்டாள். "இந்த வீட்டுல ஒரு குறை இருக்கு" என்று ஆரம்பிப்பாள். மழை பெய்தால் பின்சுவர் ஓதம் காக்கும் என்பாள். பக்கத்து வீட்டு நாய்க்கு ராத்திரி பகல் தெரியாது என்பாள். இருப்பதிலேயே பெரிய குறை எதுவோ அதைச் சொல்லிவிட்டு, "சம்மதமா? திறக்கவா?" என்று கேட்ட பிறகுதான் சாவி திரும்பும். பத்துப் பொருத்தமும் இருக்கிற வீடு என்று எதையும் அவள் சொன்னதில்லை.

"அக்கா, நீங்க வீடு விக்கிறீங்களா, வீட்டு மேல புகார் கொடுக்கிறீங்களா?" என்று கேட்பான் கூலிங்கிளாஸ். அவனும் புரோக்கர்தான். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான் என்பதால் அந்தப் பெயர். வெயில் சாய்ந்து கூடத்தில் தங்கமாக விழும் நேரம் பார்த்துத்தான் வீட்டைத் திறப்பான். திறப்பதற்கு முன் வாசனைத் தண்ணீர் தெளிப்பான்.

"உன்கிட்ட வீடு வாங்கினவன் ஒரு மாசத்துல உன்னைத் தேடுவான். என்கிட்ட வாங்கினவன் தன் தங்கச்சிக்கு வீடு வேணும்னு என்னைத் தேடுவான். ரெண்டு பேருமே தேடறாங்கதான்டா தம்பி" என்று பதில் கொடுப்பாள்.

இத்தனை வீடுகளுக்குச் சாவி வைத்திருந்தவள் வாடகை வீட்டில்தான் இருந்தாள். "வீடு வாடகை, வீட்டுக்காரர் மட்டும் சொந்தம்" என்று தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவாள்.

அந்தச் சொந்தக்காரர், அதாவது அவள் கணவர், முன்னாள் பஸ் டிரைவர். கண்ணில் நீரழுத்தம் என்று டாக்டர் சொன்னபோதே பாதிப் பார்வை போயிருந்தது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் பார்க்கிறவர்களுக்கு அது புரியாது. நடைச்சுவரில் விரல் நுனியை ஓட்டியபடி வேகமாக வருவார். சுவர் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பொக்கை உண்டு. விரல் அதில் விழுந்ததும் "லெஃப்ட்ல கட்" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் திரும்பிவிடுவார். அடுப்புப் பற்றவைப்பார், டீ போடுவார். எதிரே மனைவி வந்தால், "ஹார்ன் அடிச்சிட்டு வரமாட்டியா?" என்று அதட்டுவார்.

வாசலைத் தாண்டினால் கதை வேறு. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது குளியலறைப் படி தெரியாமல் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கும் போய்த் தங்குவதில்லை. "என் ரூட் இதுதான். வேற ரூட்ல வண்டி ஓடாது" என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் வீட்டு ஓனர் போன் செய்தார். தூரத்து ஊரில் இருக்கும் மனிதர், வாடகையைத் தவிர வேறு எதற்கும் தொந்தரவு செய்யாதவர்.

"அக்கா, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். பையன் படிப்பு நெருக்குது. நீங்களே பார்த்து முடிச்சுக் கொடுத்துடுங்க. உங்களை விட்டா யாரு இருக்கா எனக்கு?"

"விக்கலாம் தம்பி" என்றாள் சாவியக்கா. அவளுக்கே அவள் குரல் கடைக்காரக் குரலாகக் கேட்டது. "குடியிருக்கிறவங்க?"

"வாங்குறவங்க காலியாத்தானேக்கா கேப்பாங்க. உங்களுக்கென்ன, பை நிறைய வீடு."

பை நிறைய வீடுதான். அந்த வாரம் முழுவதும் அவள் பையைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைத் துணி வீட்டில் வாசற்படி உயரம். மஞ்சள் துணி வீட்டில் மாடிப்படி வளைந்து ஏறும். கோடு போட்ட துணி வீடு எல்லாம் சரி, ஆனால் வாடகை கேட்டால் மயக்கம் வரும். ஊருக்கெல்லாம் வீடு பார்த்த கண்ணுக்கு, ஒரு மனிதர் தடவித் தடவி நடக்கக்கூடிய வீடு ஒன்றும் சிக்கவில்லை.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிக்கொண்டே இருந்தார். "எப்ப வராங்க பார்க்க?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தெருவில் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெண்மணி, என்ன துக்கமோ என்று பதறி ஓடிவந்தாள். கணவரை மூலை நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருங்க, வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள் சாவியக்கா. அவர் உள்ளே இருந்ததால் கதவு திறந்தே கிடந்தது. பூட்டில் சாவி நுழைக்க வேலையில்லாமல் போயிற்று. வந்தவர்களை நேரே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போகிறபோக்கில் குறைகளைச் சொல்லத்தான் செய்தாள். "இந்த அலமாரிக் கதவு திறந்திருந்தா நெத்தியில இடிக்கும். எனக்கு நாலு தடவை வீங்கியிருக்கு." "மழைக்காலத்துல குளியலறைக் கதவு ஊதிக்கும், தோளால முட்டணும்." "படுக்கை ஜன்னல் சரியா சாத்தாது, காத்தடிச்சா கடகடன்னு பேசிட்டே இருக்கும். கொஞ்ச நாள்ல பழகிடும், அப்புறம் அது பேசலைன்னா தூக்கம் வராது."

ஆளை விரட்டத்தான் இத்தனையும் எடுத்துவிட்டாளோ என்னவோ. ஆனால் நடந்தது நேர்மாறு. இவ்வளவு பாசமாக யாராவது குறை சொன்னால் வீட்டின் மேல் ஆசை வராமல் என்ன செய்யும்? ஒரு பள்ளி ஆசிரியையும் அவள் கணவனும் அந்த ஜன்னலை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள். சொன்ன விலைக்கு மேல் தருவதாக அவன் காதோடு காதாகச் சொன்னான். அதைக் கேட்டுவிட்ட இன்னொருவர் அதற்கும் மேல் போனார்.

வந்தவர்களில் யாரோ நடையில் நின்று, "இந்தச் சுவத்தை இடிச்சுட்டா ஹால் பெருசாயிடும்" என்று தட்டிப் பார்த்தார். மூலை நாற்காலியில் டிரைவரின் விரல்கள் மடங்கிக்கொண்டன.

கூட்டம் கலைந்ததும் அவர் வாயைத் திறந்தார். "ஊருல எல்லா வீட்டுக் குறையும் சொல்ற. நம்ம வீட்டுல பெரிய குறையை முழுங்கிட்டியே."

"எதை முழுங்கினேன்? ஜன்னல்வரைக்கும் சொன்னேனே."

"என்னைச் சொல்லலையே."

"நீங்க என்ன குறையா?"

"வாங்குறவனுக்குக் குறைதானே. உள்ள ஒரு ஆளு உட்கார்ந்திருக்கான். கண்ணு தெரியாது. கிளம்ப மனசும் கிடையாது. அலமாரி இடிக்கும்னு சொல்லத் தெரிஞ்சவளுக்கு இதைச் சொல்லத் தெரியலையா?"

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. "அதை எப்படிங்க சொல்றது? பரிதாபத்தைக் காட்டிப் பிச்சை எடுக்கிற மாதிரி. போதாததுக்கு ஓனர் என்னை நம்பித்தானே கொடுத்திருக்காரு."

"பிச்சை எங்கருந்து வந்தது? ரோட்டுல பள்ளம் இருந்தா போர்டு வைக்கிறாங்க. பள்ளத்து மேல பரிதாபப்பட்டா வைக்கிறாங்க? வர்றவன் பார்த்துட்டு வரட்டும்னுதானே?"

இந்த ஆளோடு வாதாடி அவள் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் ஓனருக்குத் தெரியாமல் எதுவும் செய்வதற்கில்லை. மறுநாள் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "இதை நான் சொல்லித்தான் விப்பேன் தம்பி. சொன்னா சில பேரு ஓடிடுவாங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா கூலிங்கிளாஸ்கிட்ட கொடுங்க. கோவிச்சுக்க மாட்டேன், வாடகைப் பத்திரத்துல எழுதிக் கொடுத்தபடி காலி பண்ணிடுவோம்."

அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணனுக்குக் கண்ணு இவ்வளவு மோசமாவா போச்சு? போன வருஷம் வந்தப்போ எனக்கு டீ போட்டுக் கொடுத்தாரே!"

"இப்பவும் போடுவாரு."

"நீங்க சொல்றதைச் சொல்லுங்கக்கா. மேல வர்ற காசு வராட்டிப் போகட்டும். ஆனா நான் சொன்ன விலைக்குக் கீழ இறங்க மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"நியாயம்" என்றாள் சாவியக்கா.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கடைசி விலை சொல்ல வந்திருந்தார்கள். அவர்கள் வரும் நேரம் பார்த்து அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.

"ஏய், என்னை உள்ள வச்சா பூட்டுற?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"சும்மா இருங்க. தொழில் பண்றேன்."

வந்தவர்கள் வாசலில் சேர்ந்ததும் சாவியை மறுபடி பூட்டில் நுழைத்தாள். அதில் துணி ஏதும் கட்டியிருக்கவில்லை. அந்த ஒரு சாவிக்கு அடையாளம் தேவைப்பட்டதே இல்லை. திருப்பாமல் நின்றாள்.

"இந்த வீட்டுல ஒரு குறை இருக்கு. போன வாரம் சொல்லியிருக்கணும், சொல்லலை. இதுல குடியிருக்கிறது நாங்கதான். என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. இந்த வீட்டுக்குள்ளதான் அவரு தனியா நடமாடுவாரு. எழுதிக் கொடுத்திருக்கோம், காலி பண்ணுன்னா பண்ணிடுவோம். ஆனா மனசில்லை. மனசில்லாத ஆளைக் காலி பண்ண வைக்கிறது எவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியும், நான் இதே தொழில்ல இருக்கேன். அதனால முன்கூட்டியே சொல்றேன். சம்மதமா? திறக்கவா?"

கதவுக்குப் பின்னாலிருந்து, "சொல்லி முடிச்சாச்சா? திற, புழுங்குது" என்று குரல் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஆசிரியையின் கணவன் தலையைச் சொறிந்தான். "நாங்க குடிவரத்தான்க்கா வாங்குறோம். இவங்க பள்ளிக்கூடம் பக்கம்னு..."

"தப்பே இல்லை தம்பி. உங்க இடத்துல நானா இருந்தா நானும் போயிடுவேன். உங்களுக்கு வேற நல்ல வீடா நான் பார்க்கிறேன்." சொன்னபடி பார்த்தும் கொடுத்தாள். அந்த வீட்டில் பக்கத்து வீட்டு நாய்தான் குறை.

அந்த வாரம் முழுக்க அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்டு வரவில்லையென்றால் ஓனர் எத்தனை நாள் பொறுப்பார்? வாசலில் கூலிங்கிளாஸ் வந்து நின்றபோது, சாவியை வாங்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவனோடு ஒரு நர்ஸ் வந்திருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை, லீவில் வந்திருக்கிறாள்.

"இவங்ககிட்ட உங்க கதையை ஜோக்காத்தான்க்கா சொன்னேன்" என்றான் அவன். "ஒரு புரோக்கரு ஆளோட சேர்த்து வீடு விக்கிறாங்கன்னு. உடனே அங்க கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

நர்ஸ் சிரிக்கவில்லை. "நான் திரும்பி வர்றதுக்குச் சில வருஷமாகும்க்கா. இப்ப வாங்கலைன்னா அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, விலை அப்படி ஏறுது. பூட்டிப் போட்டா வீடு பாழாயிடும். தெரியாதவங்களை வச்சா சுவர்கூட மிஞ்சாது. எனக்கு வீடு பெரிசில்லை, வீட்டுக்கு ஆளு வேணும்."

"வாங்கம்மா, நானே காட்டுறேன்" என்று டிரைவர் எழுந்துகொண்டார். நடைச்சுவரில் விரலை ஓட்டியபடி முன்னால் போனார். "இது மெயின் ரோடு. இங்க லெஃப்ட்ல கட். தலையைக் குனிங்க, அலமாரி திறந்திருக்கும், எங்க வீட்டம்மா சாத்தவே மாட்டா." நர்ஸ் அந்தப் பொக்கையில் தானும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தாள். சுவரை இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஓனர் சொன்ன விலைக்கே முடிந்தது. வாடகை கொஞ்சம் கூடியது. நர்ஸ் திரும்பி வந்தால் அன்றைக்குக் காலி செய்தே ஆகவேண்டும் என்பதை இரண்டு பக்கமும் தெளிவாகப் பேசிக்கொண்டார்கள். நிரந்தரம் என்று எதையும் சாவியக்கா யாருக்கும் விற்றதில்லை, தனக்கும் வாங்கிக்கொள்ளவில்லை. கூலிங்கிளாஸ் கமிஷனில் பாதி கேட்டான், வாங்கினான். வாங்கும்போது கண்ணாடியைக் கழற்றினான் என்கிறார்கள். நான் நம்பவில்லை.

நர்ஸ் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, காற்றடித்து ஜன்னல் பேச ஆரம்பித்தது.

"புது ஓனரம்மாகிட்ட இந்த ஜன்னலைப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டார் டிரைவர்.

"சொல்லாம இருப்பேனா? அடுத்த வாரமே ஆள் வச்சுச் சரி பண்ணச் சொல்லியிருக்காங்க."

"அய்யய்யோ, போன் போட்டு வேணாம்னு சொல்லு."

"ஏங்க?"

"அது கடகடன்னாத்தானே எனக்குக் கட்டில் எந்தப் பக்கம்னு தெரியுது" என்றார் அவர். விரலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, சத்தம் வந்த திசைக்கு நேராக நடந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

சாவியக்கா போனை எடுத்தாள்.