தின்னர் பட்ட சிவப்பு மூடி

ராஜபாளையத்தில் காரின் பின்விளக்கு மூடி மங்கிப்போனாலும், மீட்டர் மேல் இருக்கிற பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தாலும், "முத்து முகம்மதுகிட்டக் குடுங்க" என்பார்கள். புதுசு வேண்டுமென்றால் மதுரைக்கு ஓட வேண்டிய காலம் அது. முதலில் முரட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், அப்புறம் நைசானது, அதற்கப்புறம் அதைவிட நைசானது, எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட. கடைசியில் பனியன் துணியில் பாலிஷ் பசையான காம்பவுண்டைத் தொட்டு, உள்ளங்கை சுடும்வரை தேய்ப்பான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் நேற்று வாங்கியது மாதிரி இருக்கும்.

கை அவனுடையது. கடை மச்சான் அப்துல் ஹமீதுடையது.

மச்சான் என்றால் ஒரு வழியில் இல்லை, இரண்டு வழியில். முத்துவின் தங்கை சம்சாத் பேகம் ஹமீதுக்கு வாக்கப்பட்டவள். ஹமீதின் தங்கை மாஜிதா முத்துவின் மனைவி. ஒரே பந்தலில் இரண்டு நிக்காஹ். ஒரே பிரியாணியில் வேலையை முடித்துவிட்டார்கள் என்று ஊரே மெச்சியது. மெச்சியவர்களுக்கு என்ன, அவர்களா குடும்பம் நடத்தப் போகிறார்கள்? எண்பத்தெட்டில் ஒருநாள் குழம்பில் உப்பு கூடியதற்கு முத்து ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டான். மாஜிதா விடுவிடுவென்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே சம்சாத் பெட்டியும் கைப்பிள்ளையுமாக முத்துவின் வாசலில் வந்து நின்றாள்.

"மச்சான் போகச் சொன்னாரா?" என்று பதறினான் முத்து.

"அவிய ஒண்ணும் சொல்லலண்ணே. அவ அங்க வந்து அழுதுக்கிட்டு உக்காந்திருக்கையில, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க சோறு பொங்க?"

சமாதானமாக எட்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து முத்து உப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை.

தொண்ணூற்றொன்று ஆனி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த வேலுசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் கடை முன்னால பத்தடி எடம் சும்மாதான் கெடக்கு. வந்து ஒக்காரும். ஒம்ம பேருல போர்டு வச்சுக்கிடும். ஆடி முடியுறதுக்குள்ள சொல்லிரணும். இல்லன்னா பஞ்சர் ஒட்டுறவனுக்குக் குடுத்துருவேன்."

தன் பேரில் ஒரு போர்டு. முத்துவுக்கு அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான். ஆனால் "நான் போறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டால் அது கடையோடு நிற்காது. மாஜிதா பெட்டி கட்டுவாள், சம்சாத் பெட்டி கட்டுவாள். இந்த முறை எட்டு நாளில் தீராது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

ஆடி பாதி கழிந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தானாகப் போனால்தானே வம்பு? மச்சானே "இனி வராதே" என்று அனுப்பிவிட்டால்? கை கெட்டுப்போன வேலைக்காரனை அனுப்பியதற்கு எந்தப் பெண்ணும் பெட்டி கட்ட மாட்டாள்.

அந்த வாரம் ஒரு மில் மானேஜர் தன் வெளிநாட்டுக் காரின் பின்விளக்கு மூடியைக் கொடுத்திருந்தார். இந்தியா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காத சாமான். பாவி, அதைத்தான் எடுத்தான். ஹமீது மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒரே இழுப்பு. நேற்றுச் சேர்ந்தவன்கூட பிளாஸ்டிக்கில் தின்னர் படவிட மாட்டான். சிவப்பு வெளுத்து, உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியது.

ஹமீது வந்து பார்த்தார். மூடியை மோந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! தின்னர் பாட்டிலத் தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல வச்சது நாந்தான் மச்சான். நீ என்ன செய்வே?"

மானேஜர் வந்தபோது முத்துவைப் பின்னால் தள்ளிவிட்டு ஹமீது முன்னால் போய் நின்றார். "என் கையால கெட்டுப்போச்சு சார்." நடுத்தெருவில் அந்த ஆள் ஏசாத ஏச்சில்லை. ஐம்பதை நெருங்கும் மனிதர், கைகட்டித் தலைகுனிந்து நின்றார். உண்மையைச் சொல்ல முத்து வாயைத் திறந்தான். சொன்னால் ஏன் செய்தாய் என்பார்கள். அதற்கான பதில் ஸ்ரீவில்லிபுத்தூர். வாயை மூடிக்கொண்டான். தன்னைவிடக் கேவலமானவன் இந்தத் தெருவில் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

நாலு நாள் அந்த மூடியைத் தேய்த்தான். விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. வெடிப்பு முழுசாகப் போகவில்லை. மறுபடி வந்த மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, ஹமீது அவன் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்தார். இரண்டு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றார்கள். சம்சாத் கையில் மிட்டாய்த் தட்டு. கடை மேலே புதுப் போர்டு, பெயின்ட் இன்னும் காயவில்லை. ஹமீது – முத்து லைட் பாலிஷ்.

"என் தப்புக்கு நீ கெடந்து கைய அறுத்துக்கிட்டத நாலு நாளாப் பாத்தேன் மச்சான். பேரு போடாம இம்புட்டு வருசம் உன்னைய வச்சிருந்ததே தப்பு. இனிமே நீயே நெனச்சாலும் எங்கயும் போக முடியாது, பாத்துக்க!" என்று சொல்லி ஹமீது வெடித்துச் சிரித்தார்.

முத்து தன் பேரைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது.

"அண்ணன் சந்தோசத்துல அழுவுது பாருங்க," என்றாள் சம்சாத்.

முத்து ஆமாம் என்று தலையாட்டினான்.