குழிக்குள் இறங்கிய குழாய்

தண்ணீர் வருவதற்கு முன் குழாய் ‘உஸ்ஸ்’ என்று காற்றைக் கக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தாயில்பட்டியில் எங்கள் தெருவே குடங்களோடு வாசலுக்கு ஓடிவரும். எட்டு நாளைக்கு ஒருமுறை, விடிந்ததும் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். அதை விட்டால் அம்மாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

தரைமட்டத்தில் குழாய் வைத்தால் சொட்டுகூட வராது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிலையாற்றல் பாடம் நடத்தியபோதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது: மேலே இருக்கும் தண்ணீரின் நிலையாற்றல், கீழே இறங்க இறங்க இயக்க ஆற்றலாக மாறி வேகம் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான், சும்மா இருப்பேனா? அப்பாவைப் பாடாய்ப் படுத்தி, இடுப்பளவுக் குழியை நெஞ்சளவாக்கினேன். அடுத்த முறை தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

“ஏலே, ஒங்களுக்கு மட்டும் எப்படிலே இம்புட்டு வருது?” என்று கேட்டார் எதிர்வீட்டு மாரியம்மா அத்தை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாக்பீஸ் எடுத்து அவர் வீட்டுச் சுவரிலேயே படம் போட்டு விளக்கினேன். எட்டே நாளில் அவர் குழி எங்கள் குழியைவிட ஒரு முழம் ஆழம். எங்கள் குழாயில் வெறும் காற்று.

“நல்லாத் தோண்டுலே, கெணறே வந்துரும்!” என்றார் அத்தை, நிறைகுடத்தோடு.

தோண்டினேன், ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவுக்கு. தண்ணீரும் வந்தது. அம்மா உள்ளே நின்று நிறைந்த குடத்தைத் தலைக்கு மேல் ஏந்த, நான் குனிந்து வாங்கினேன். நாலாவது குடத்தைப் பாதி தூக்கி, தோளில் சாய்த்து நின்றுவிட்டாள். தெருமுனையில் வேன் ஹாரன்.

“இன்னும் ரெண்டடி தோண்டுனா வேகமா ரொம்பும்மா” என்றேன்.

“கீழ வந்த தண்ணிய மேல தூக்குறது யாருலே, ஒம் புத்தகமா? புடிலே!”

அவள் ஏறி வருவதற்குள் வேன் போய்விட்டது. அம்மா சொன்ன அந்தத் தூக்கும் வேலைதான் பாடத்தில் நான் கோட்டை விட்ட பாதி.

இப்போது குழிகளை மண்போட்டு மூடிவிட்டார்கள். குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். பெரிய மோட்டார் வைத்தவருக்கே தண்ணீர். போன வாரம் அத்தை என்னைக் கூப்பிட்டு, எத்தனை குதிரைத்திறனில் வாங்கலாம் என்று கேட்டார். இயற்பியலில் பட்டம் வாங்கிய நான், “தெரியாது அத்தை” என்றேன்.

“பெறகு என்னத்தலே படிச்ச?”